‘அடிமாடு’ என்னும் சொல்லுக்குள் இருக்கும் விலை

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் இறைச்சி வரிசையில் ‘பஃப்’ என்று கேட்டால் எருமையிறைச்சி கிடைக்கும். மலையாளிகள், வடகிழக்கு மாநிலத்தவர், தமிழர், தூதரகங்களில் வேலை செய்வோர் எனப் பலரும் வந்துபோகும் சந்தை அது. எலும்போடு வேண்டுமா, எலும்பில்லாமலா, துண்டாகவா, கொத்தியா என்பது வரை பேச்சு நடக்கும். அந்த எருமை எந்த ஊரில் வளர்ந்தது, எத்தனை கை மாறியது, கடைசி இரண்டு நாள்களில் தண்ணீர் குடித்ததா என்னும் கேள்விகள் எழுவதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் விடை இருக்க வழியில்லை. நகரின் கிழக்கு எல்லையிலுள்ள காஜிப்பூர் இறைச்சிக்கூடம் வரையில்தான் அவருடைய அறிவு செல்லும். அதற்கு முந்தைய பாதை அவருக்கும் இருட்டே.

மாட்டிறைச்சி உற்பத்தியாளர்களுக்கு முறையான கால்நடைப் பராமரிப்பிலும் கையாளுதலிலும் பயிற்சி அளிக்க வேண்டும் என்னும் வாதம் உலகின் பல நாடுகளில் பழையது. அதை இந்தியாவுக்கும் பொருத்த விரும்புவோர் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். ‘மாட்டிறைச்சி உற்பத்தியாளர்’ என்ற தொடர் இங்கே யாரைச் சுட்டுகிறது? அதைத் தீர்மானிக்காமல் பயிற்சியைத் தொடங்குவது, முகவரி எழுதாத உறையை அஞ்சற்பெட்டியில் போடுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவில் அத்தொடருக்குத் தெளிவான ஆள் உண்டு. இறைச்சிக்கென்றே கன்று ஈனச்செய்து, இறைச்சிக்கென்றே வளர்த்து விற்பவர் அவர். இந்தியாவில் எருமை பாலுக்காக வாங்கப்படுகிறது; பாலுக்காக வளர்க்கப்படுகிறது; பால் வற்றிய பின்னரோ, சினை பிடிக்காமல் போன பின்னரோ விற்கப்படுகிறது. அதை விற்கும் குடும்பம் தன்னைப் பால் உற்பத்தியாளர் என்றே அறியும். தரகர் தம்மை வியாபாரி என்பார். வண்டி ஓட்டுநருக்கு அது ‘லோடு’. இறைச்சிக்கூடத் தொழிலாளிக்கு அது அன்றைய கூலி. ஒரே விலங்கின் வாழ்வில் நான்கைந்து பேர் அடுத்தடுத்து வருகிறார்கள். அவர்களுள் ஒருவரும் தம்மை இறைச்சி உற்பத்தியாளர் என்று அழைத்துக்கொள்வதில்லை. இந்திய நாட்டின் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை எருமைகளே தருகின்றன. உலக எருமையிறைச்சி ஏற்றுமதியிலும் இந்தியாவே முன்னிற்கிறது. இவ்வளவு பெரிய தொழிலில் உற்பத்தியாளர் என்ற பெயருக்கு உரியவர் இல்லை என்பது மொழியின் விபத்து ஆகாது. பொறுப்பு எவரிடமும் தங்காமல் நழுவிச் செல்வதற்கு அந்தப் பெயரின்மை உதவுகிறது.

பெயரைச் சுற்றிய குழப்பம் தில்லியில் வேறு வகையாகவும் விளைந்திருக்கிறது. பழைய தில்லியின் பேச்சில் ஆட்டிறைச்சி ‘சின்னதன் கறி’, எருமையிறைச்சி ‘பெரியதன் கறி’; விலங்கின் பெயரையே சொல்லாமல் அளவைச் சொல்லிக் கடந்துவிடும் வழக்கு அது. மலையாளிக்கோ எருமையும் ‘பீஃப்’தான். 2015 அக்டோபரில் கேரள இல்லத்தின் உணவுப் பட்டியலில் இருந்த அந்தச் சொல்லை நம்பி வந்த ஒரு புகாரின்பேரில் தில்லிக் காவல்துறை அங்கே நுழைந்தது. பரிமாறப்பட்டது எருமையிறைச்சி என்பது பின்னரே பேசப்பட்டது. 1994ஆம் ஆண்டின் தில்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றைக் காக்கிறது. எருமை அதன் வரையறைக்குள் வராது. 2017 மே மாதம் நடுவண் அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகளிலோ, ‘கால்நடை’ என்னும் சொல்லுக்குள் எருமையும் அடங்கியது. அவ்விதிகளுக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாத இறுதியில் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து ஒரு தொழில் குற்றமாகவோ வாழ்வாகவோ மாறும் நிலையில், அத்தொழிலில் இருப்பவர் பயிற்சி வகுப்புக்கு வந்து தம் பெயரைப் பதிவு செய்வார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று.

தமிழுக்கு இவ்விடத்தில் ஒரு வெளிப்படைத்தன்மை உண்டு. ‘அடிமாடு’ என்று ஒரே சொல்லில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. ‘மாடு’ என்ற சொல் பழந்தமிழில் செல்வத்தையும் குறித்தது. அதன் முன்னே ‘அடி’ சேர்ந்தவுடன் செல்வம் கரைந்துவிடுகிறது. அதிலிருந்து பிறந்த ‘அடிமாட்டு விலை’ என்ற தொடரை நிலம் விற்பவரும் பழைய புத்தகம் விற்பவரும்கூடப் பயன்படுத்துகிறார்கள். பேரம் பேச இடமில்லாத, பொருளின் தரத்தைப் பாராத, வந்த விலைக்குத் தள்ளிவிடும் விற்பனை என்பது அதன் பொருள். பராமரிப்புப் பயிற்சி பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு தொடருக்குள் அடங்கிக் கிடக்கிறது. தரத்தைப் பாராத விலையே நிலவும் சந்தையில், தரத்தைக் காக்கும் பயிற்சிக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

மாட்டுச்சந்தையின் பேரத்தை உற்றுநோக்கினால் இது விளங்கும். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகர் ஒரு கறவை மாட்டைப் பார்க்கும் பார்வை நுட்பமானது: பல், சுழி, மடியின் அமைப்பு, காம்பின் இடைவெளி, நடை, கொம்பின் வளைவு என ஒவ்வொன்றுக்கும் சொல் உண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. அதே சந்தையின் மறுகோடியில் நிற்கும் அடிமாட்டுக்கு இந்தச் சொல்வளம் இல்லை. உடம்பில் எவ்வளவு கறி தேறும் என்ற ஒரே கணக்கு. கண்மதிப்பில் முடியும் கணக்கு. தொடையில் இரத்தம் கட்டியிருப்பதும், மூக்கணாங்கயிறு இழுத்து மூக்கு கிழிந்திருப்பதும், இரண்டு நாள் பட்டினியும் அந்த விலையை அசைப்பதில்லை. தார்க்குச்சியால் குத்துபவருக்கு அக்குத்தினால் ஒரு காசும் குறைவதில்லை.

ஆனால் இறைச்சிக்கு அந்தக் குத்து தெரியும்; இதில் அறிவியல் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. உயிருள்ள தசையில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. வெட்டிய பின் அது லாக்டிக் அமிலமாக மாறி, தசையின் பி.எச். அளவை ஏறத்தாழ 5.5க்கு இறக்குகிறது, இறைச்சியின் நிறமும் மென்மையும் கெடாமல் நிற்கும் காலமும் அந்த இறக்கத்தைச் சார்ந்தவை. நெடுந்தொலைவு நெரிசலில் நின்று, பசித்து, மிரண்டு, அந்நிய மாடுகளோடு முட்டி மோதி வரும் விலங்கு தன் சேமிப்பை வழியிலேயே எரித்துவிடுகிறது. பின்னர் பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். இறைச்சி கருத்து, பிசுபிசுத்து, விரைவில் கெடும். அடிபட்டு இரத்தம் கட்டிய பகுதியை வெட்டி எறிய வேண்டியிருக்கும். தோலின் கதையும் இதுவே. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோலைப் பதனிடுவோர் ஒரு தோலை விரித்ததும் குச்சி பட்ட இடம், சூடுபோட்ட இடம், முள்கம்பி கீறிய இடம் எல்லாவற்றையும் எழுத்துப்போலப் படித்துவிடுவார்கள். படிப்பவர் அங்கே இருக்கிறார். எழுதியவருக்குத்தான் அந்தச் செய்தி ஒருபோதும் திரும்பிப் போய்ச் சேர்வதில்லை.

எருமையைக் கையாளுதல் என்பது பசுவைக் கையாளுவதன் நகலும் ஆகாது. கறுத்த தடித்த தோலும் மிகக் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட விலங்கு அது. நீரிலோ சேற்றிலோ கிடந்துதான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மே மாத வெயிலில் மூடாத லாரியில் நிற்கும் எருமைக்கு நீர் தெளிப்பதும் நிழல் தருவதும் இரக்கத்தின் கூடுதல் வசதிகள் அல்ல. அவையின்றி அது உயிரோடு வந்து சேர்வதே ஐயம். எருமைக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதி தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அந்தக் குருட்டிடத்தில் நின்று வாலை முறுக்குபவர் அதற்குக் காணாத பகைவர். தோள்பட்டைக்குப் பின்னே, சற்று விலகி, கண்ணுக்குத் தெரியும்படி நின்று ஓர் அடி முன்வைத்தால் விலங்கு தானாக முன்னே நகரும்; தோளுக்கு முன்னே வந்து நின்றால் பின்வாங்கும். தரையில் விழும் நிழல், தேங்கிய நீரின் பளபளப்பு, கம்பியில் ஆடும் துணி ஆகியவை அதை நிறுத்திவிடும். நின்ற எருமையை அடிப்பதைவிட அந்தத் துணியை அவிழ்ப்பது விரைவான வழி. எருமை மெதுவாக நடக்கும், கூட்டத்தோடு நடக்கும், பழகிய குரலுக்குக் கட்டுப்படும். அமெரிக்க விலங்கியலாளர் டெம்பிள் கிராண்டின் பல்லாண்டு உழைத்து நூல்களில் நிறுவிய கோட்பாடுகளின் சாரத்தை, ஏர் ஓட்டிய தலைமுறையினர் பலர் உடம்பினால் அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. அறியாமை மட்டுமே சிக்கலாக இருந்திருந்தால் ஊர்தோறும் ஒரு முதியவரை அழைத்துப் பேசவைத்தே தீர்த்திருக்கலாம்.

அமெரிக்க அனுபவத்திலிருந்து கற்க வேண்டியதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1980களில் அங்கே உருவான மாட்டிறைச்சித் தர உறுதித் திட்டம் வெற்றி பெற்றதற்குக் கையேடுகள் மட்டும் காரணமில்லை. பின்தொடையிலும் புட்டத்திலும் ஊசி போடும் பழக்கத்தால் விலை உயர்ந்த இறைச்சிப் பகுதிகளில் வடு விழுந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்த இழப்பு கணக்கெடுக்கப்பட்டு உற்பத்தியாளர்களுக்குப் பணமாக எடுத்துக்காட்டப்பட்டது. கழுத்தில், இயன்றவரை தோலுக்கடியில் ஊசி போட வேண்டும் என்ற எளிய பாடம் அதன்பின் பரவியது. பத்தாண்டுகளுக்குள் வடுக்கள் பெருமளவு குறைந்தன. கிராண்டினின் எண்ணிக்கை முறையும் இவ்வாறே வென்றது. எத்தனை விலங்குகள் வழுக்கின, எத்தனை கத்தின, எத்தனைக்கு மின்கோல் பட்டது என்று எண்ணும் தணிக்கையை 1999இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தனக்கு இறைச்சி விற்கும் கூடங்களில் கட்டாயமாக்கியது. வாங்குபவர் கேட்டார், விற்பவர் மாறினார். பயிற்சி அந்தக் கேள்விக்குப் பின்னால் வந்து நின்று உதவியது.

இந்தியாவில் கேட்பதற்கு எழுத்தில் விதிகள் குறைவில்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. தரையில் தென்னைநார்ப் பாயோ மரப்பலகையோ விரித்து வழுக்காமல் செய்ய வேண்டும். கூடவே ஒரு பராமரிப்பாளர் செல்ல வேண்டும். மாடுகள் இயன்றவரை எஞ்சின் பக்கம் முகம் வைத்து நிற்க வேண்டும். பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. சோதித்த விலங்குக்கு 24 மணி நேர ஓய்வு தர வேண்டும். சினையுற்ற விலங்கை வெட்டக் கூடாது. எழுதியவர்கள் விலங்கை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்றே நிற்கிறது. பதினைந்து எருமைகளைத் திணித்து ஏற்றிய வண்டிக்கு அந்த 50 ரூபாய் ஒரு வேளைத் தேநீர்ச் செலவு. விதிக்கும் அடிமாட்டு விலைதான்.

அபராதம் சிறிது, அச்சமோ பெரிது. 2017 ஏப்ரலில் தெற்குத் தில்லியின் கால்காஜி பகுதியில், காஜிப்பூருக்கு எருமை ஏற்றிச் சென்ற மூவர் தாக்கப்பட்டனர். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடம் அது. சட்டம் தடுக்காத விலங்கை ஏற்றிச் சென்றவர்களுக்கே இந்த நிலை. இப்படிப்பட்ட சாலையில் ஓட்டுநர் என்ன செய்வார்? இரவில் ஓட்டுவார். தார்ப்பாய் கட்டி மறைப்பார். நிறுத்தித் தண்ணீர் காட்ட மாட்டார். நிறுத்தினால் கூட்டம் சேரும். ஆறு மாட்டோடு மூன்று முறை செல்வதைவிட பதினெட்டு மாட்டோடு ஒருமுறை செல்வது அவர் கணக்கில் ஆபத்துக் குறைவு. நல்ல கையாளுதலுக்கான இலக்கணம் அனைத்தும், அதாவது பகல், காற்றோட்டம், நிறுத்தம், நிதானம் ஆகியவை, அவரைக் கண்ணுக்குத் தெரியும் இலக்காக்குகின்றன. விலங்கின் பெயரால் சாலையில் நடத்தப்படும் வன்முறை முதலில் மனிதரை அடிக்கிறது. அடுத்ததாக, தார்ப்பாய்க்குள் மூச்சு முட்டும் அந்த எருமையையே அடிக்கிறது. இதைப் பேசாத பயிற்சிப் பாடத்திட்டம் எவ்வளவு படங்களோடு அச்சிடப்பட்டாலும் அரைகுறையே.

இரண்டு பக்கங்களிலிருந்தும் மறுப்பு வரக்கூடும். கொல்லப்போகும் விலங்குக்கு இதமென்ன என்று ஒரு சாரார் கேட்பர். வெட்டும் கணத்துக்கு முன் அந்த விலங்குக்கு எட்டோ பத்தோ ஆண்டு வாழ்வு இருந்தது. அதன் கடைசி மூன்று நாள்களும் வாழ்வின் பகுதியே. மற்றொரு சாரார் வலுவான கேள்வியை வைப்பர்: கையாளுதல் பயிற்சி என்ற பெயரில் குறைஷி சமூகத்தினர் உள்ளிட்ட இறைச்சித் தொழிலாளர் மீது மேலும் ஒரு கண்காணிப்பு ஏவப்படுமன்றோ? அந்த அச்சம் நியாயமானது. கொடுமை என்றதும் கத்தி பிடித்த கையைப் பார்ப்பது சமூகத்தின் பழக்கம். கத்தி கடைசியில் வருவது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 11 கோடி எருமைகளை எண்ணியது; அவற்றுள் ஆண் எருமைகள் 1 கோடிக்கும் குறைவு. பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம். இடைவெளியின் ஒரு பகுதி இளமையிலேயே விற்று வெட்டப்பட்டவை. மற்றொரு பகுதி தாய்மடியிலிருந்து விலக்கப்பட்டு, பால் மறுக்கப்பட்டு, கட்டுத்தறியிலேயே மெலிந்து செத்த கடாக்கன்றுகள். இதற்காக எந்த லாரியும் வழிமறிக்கப்பட்டதில்லை. பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஆண் எருமைக் கன்றுகளை மீட்டு வளர்க்க நடுவண் அரசு ஒரு திட்டம் வகுத்தது. கன்று வளர்ந்தால் விலை கிடைக்கும் என்ற சரியான இடத்தில் அது கைவைத்தது. அத்தகைய முயற்சியை மீண்டும் எடுத்து நடத்தினால், பராமரிப்புப் பயிற்சிக்கு முதல் மாணவர் இறைச்சிக்கூடத்திலன்றிப் பால் கறக்கும் வீட்டில் கிடைப்பார்.

அந்த வீட்டில் எருமையைக் கழுவுவதும் தீனி வைப்பதும் சாணம் அள்ளுவதும் நோய் கண்டதும் முதலில் அறிவதும் பெரும்பாலும் பெண்கள். விற்பனைப் பேரத்துக்கும் பயிற்சி வகுப்புக்கும் செல்வது ஆண்கள். விற்கும் நேரமும் கவனத்துக்குரியது. மடிநோய்க்கு மருந்து கொடுத்தும் தீரவில்லை, சினைக்கு ஊசி போட்டும் நிற்கவில்லை என்றான பின்னரே பல எருமைகள் விற்கப்படுகின்றன. உடம்பில் மருந்து இன்னும் இருக்கும் நாள்கள் அவை. எந்த மருந்து, எந்த நாளில், எத்தனை முறை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், தரகருக்குத் தெரியாது, காஜிப்பூரின் மருத்துவருக்குத் தெரிய வழியே இல்லை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கொத்துக்கறி வாங்குபவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. நாடெங்கும் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டப்பட்டு வருகிறது. தடுப்பூசிக்காகவும் காப்பீட்டுக்காகவும் அந்த எண் பயன்படுகிறது. அதே எண்ணில் கடைசி ஊசியின் நாள் பதிவாகட்டும். இறைச்சிக்கூடத்தில் இறங்கும்போது கண்ட காயமும் வெட்டிய பின் கண்ட இரத்தக்கட்டும் அதே எண்ணில் பதிவாகித் தரகருக்கும் வீட்டுக்கும் திரும்பிப் போகட்டும். காயமின்றி வந்த விலங்குக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தர ஏற்றுமதி நிறுவனங்களால் முடியும். கருத்த இறைச்சியால் அவை இழப்பதும் பணமே. ஹைதராபாதிலுள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஹிசாரிலுள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதை ஒரு மாவட்டத்திலேனும் செய்துபார்க்கும் தகுதி உண்டு. பொள்ளாச்சி போன்ற பெருஞ்சந்தையொன்றில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதைத் தொடங்கலாம். பயிற்சிக்கு வருபவரின் அன்றைய கூலியை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டு, வருகைப்பதிவேட்டின் முதல் வரியில் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதலாம்.